மணல் வீட்டுக்குக் கூட்டித் துடைக்கும் மெஷின் சரிவருமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் டைல்ஸ் இடுக்குக் கறுப்பைப் பற்றி நாலு வரி எழுதியதுதான் தாமதம், கடிதமும் வட்ஸ்அப் குரல்பதிவுமாக வந்து குவிந்துவிட்டன. அநேகமாக எல்லாரும் கேட்டிருப்பது ஒன்றைத்தான். மண்ணையும் உறிஞ்சி நிலத்தையும் துடைக்கிற அந்த மெஷின் வாங்கலாமா, வாங்குவதென்றால் எதை வாங்குவது? வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இருந்து வந்த கேள்விகள்தான் அதிகம். அதனால் இம்முறை மற்றதை எல்லாம் ஒத்திவைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் வீடு கடற்கரையில் இருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. வீடு முழுக்க டைல்ஸ், மூன்று பிள்ளைகள். காலையில் கூட்டித் துடைத்தால் பத்து மணிக்கே கால் நறநற என்கிறது. கையால் தள்ளுவது ஒன்று, ரோபோ ஒன்று, வெக்கியூமில் துணி பூட்டியது ஒன்று என்று மூன்று விதம் யூடியூபில் காட்டுகிறார்கள். மூன்றில் எது நல்லது? (வாசகி, கல்லடி)

தங்கச்சி, நீங்கள் சொன்ன மூன்றும் வேலை செய்யும் விதமே வேறு வேறு. கடைக்காரர்கள் மூன்றையும் ‘டூ இன் வன்’ என்று ஒரே பெயரில் விற்பதால்தான் இந்தக் குழப்பம்.

முதலில் கையால் தள்ளுவது. பிஸ்ஸெல் கிராஸ்வேவ், டினெக்கோ ஃபுளோர் வன், ட்ரீமி எச் வரிசை, ரோபோரொக் டயட் எல்லாம் இந்த இனம்தான். உள்ளே இரண்டு தொட்டி இருக்கும், ஒன்று நல்ல தண்ணீருக்கு, மற்றது அழுக்குத் தண்ணீருக்கு. முன்னால் மெதுமெதுப்பான உருளை ஒன்று சுழலும். நல்ல தண்ணீர் அந்த உருளையை நனைக்க, உருளை நிலத்தைத் தேய்க்க, மேலே இருக்கிற சின்னத் தகடு ஒன்று அழுக்கை வழித்துப் பிழிய, பிழிந்ததை மோட்டார் உறிஞ்சி அழுக்குத் தொட்டிக்கு அனுப்பிவிடும். இதில் பெரிய நன்மை என்னவென்றால் நிலத்தில் படுவது எப்போதும் அலசின உருளை. நாம் மொப்பை வாளியில் இரண்டாம் தரம் முக்கும்போதே தண்ணீர் கலங்கிவிடும், அப்புறம் அறை அறையாக அந்தக் கலங்கலைத்தான் பூசிக்கொண்டு போகிறோம். அந்தக் கதை இதில் இல்லை. குசினியில் சிந்தின சொதி, பிள்ளை கவிழ்த்த பால், மாரி காலத்தில் வாசலில் இருந்து ஹோல் வரைக்கும் வருகிற சேற்றுக் கால்தடம், இதற்கெல்லாம் இதைவிட நல்ல சாமான் கிடையாது.

ஆனால் மணல் வேறு விஷயம். இந்த மெஷின்களைச் சோதித்துக் காட்டுகிற வீடியோக்களில் என்ன கொட்டுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். கோர்ன் ஃபிளேக்ஸ், கெச்சப், கோப்பி. கடல்மண்ணைக் கொட்டிக் காட்டுகிறவர் அருமை. கடல்மண்ணில் பெரும்பங்கு குவார்ட்ஸ், கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அது 7. மினுக்குப் பூச்சுப் போட்ட சாதாரண டைல்ஸின் மேற்பரப்பு பெரும்பாலும் அதைவிட மெதுமைதான். ஈரமான உருளையில் மணி மணியாக ஒட்டிக்கொண்ட மண் அதே இடத்தில் சுழன்றால் நாளடைவில் மினுக்கம் மங்கும். கல்முனையில் என் மச்சாள் ஒருத்தியின் வீட்டில் இந்த இனத்து மெஷின் ஒன்று இருக்கிறது. அழுக்குத் தொட்டியைக் கழற்றினால் மேலே தேங்காய்ப்பூவும் தலைமுடியும் மிதக்கும், அடியில் ஒரு விரற்கடை மண் படிந்து கிடக்கும், கவிழ்த்தால் தண்ணீர் மட்டும்தான் போகும், மண் அசையாது, விரலை விட்டுக் கிளறிக் கிளறி மூன்று தரம் அலச வேண்டும். உருளை மூடியைத் திறந்தால் வழிக்கிற தகட்டின் விளிம்பு நெடுக ஒரு கோடு மண், நுனி இரண்டிலும் முடி சுற்றிக்கொண்டு நிற்கும். தும்புத்தடியால் ஒருக்கால் கூட்டிவிட்டு ஓட்டினால் இந்தக் கூத்தில் முக்கால்வாசி இல்லை. அவளும் இப்போது அப்படித்தான் செய்கிறாள்.

ஆகவே இந்த மெஷின் வந்தால் தும்புத்தடிக்கு வேலை போய்விடும் என்று நினைத்து வாங்காதீர்கள். வேலை போவது மொப்புக்கும் வாளிக்கும்தான்.

இரண்டாவது, துணி பூட்டிய வெக்கியூம். கையில் பிடிக்கிற வெக்கியூமின் தலைக்குப் பின்னால் ஒரு சின்னத் தண்ணீர்ப் பெட்டியும் துணியும் பூட்டியிருப்பார்கள். முன்னால் உறிஞ்சும், பின்னால் ஈரத்துணி இழுபடும். அழுக்குத் தண்ணீரைத் திரும்ப எடுக்கிற வழியே இதில் இல்லை, துணி ஒரு அறை முடியவே கறுத்துவிடும், அடுத்த அறைக்கு வேறு துணி மாற்றாவிட்டால் பூசினது பூசினதுதான். துடைப்பதற்காக இதை வாங்க வேண்டாம். ஆனால் துணியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் வெக்கியூமாகப் பார்த்தால் மணலுக்கு இதுதான் நல்லது, ஒரு நிபந்தனையோடு: தலையில் இருக்கிற உருளை மெதுவான துணி உருளையாக இருக்க வேண்டும். விறைப்பான தூரிகை உருளை கம்பளத்துக்காகச் செய்தது. டைல்ஸில் ஓட்டினால் மண்ணை உள்ளே இழுப்பதற்கு முன்னமே பின்பக்கம் சுண்டி எறியும், உங்கள் காலில் வந்து குத்தும்.

மூன்றாவது ரோபோ. கச்சான் காற்றுக் காலத்தில் யன்னல் இடுக்கால் நாள் முழுக்க தூசி வந்து படியுமே, அதற்கு இது ராசாத்தி. நீங்கள் வெளியே போன நேரத்தில் லேசர் கண்ணால் வீட்டை அளந்து வைத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியிலும் போய்க் கூட்டிவிட்டு வந்து நிற்கும். துடைப்பதில் பொதுவாக மூன்று தரம் உண்டு. மலிவானது வெறும் ஈரத்துணியை இழுத்துக்கொண்டு திரியும். அடுத்தது துணியை அதிரவைத்துத் தேய்க்கும், 2021இல் வந்த ரோபோரொக் எஸ்7 அப்படி. அதற்கு மேலே இரண்டு வட்டத் துணிகளைச் சுழற்றித் தேய்த்துவிட்டு, தன் தளத்துக்கு, அதாவது சார்ஜ் ஏற நிற்கிற பெட்டிக்கு, திரும்பிப் போய்த் துணியைத் தானே கழுவிக்கொள்கிற இனம். துடைப்பதற்கும் சேர்த்து ரோபோ வாங்குவதென்றால் இந்தக் கடைசி இனத்தைத் தவிர மற்றதைப் பார்க்காதீர்கள். அதிலும் ‘முதலில் உறிஞ்சு, பிறகு துடை’ என்று இரண்டு சுற்றாக ஓடவிடும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். நம்ம மணல் வீட்டில் ஒரே சுற்றில் இரண்டையும் செய்ய விட்டால் ஈரத்துணி மண்ணைச் சேர்த்துக்கொண்டு கோடு கோடாக இழுக்கும். பக்கத்தில் சுற்றுகிற சின்னத் தூரிகையின் வேகத்தைக் குறைக்கவும் முடிந்தால் நல்லது, இல்லாவிட்டால் அதுவும் மண்ணைச் சுவர்ப்பக்கம் தெறிக்கவிடும். காய்ந்துபோன குழம்புக் கறையை ரோபோ எடுக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

உறிஞ்சு சக்தி இத்தனை ஆயிரம் பாஸ்கல் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். வெறும் தரைக்கு அந்த இலக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள். மண் டைல்ஸின் மேலேதான் கிடக்கிறது, கம்பளத்தின் வேருக்குள் இல்லை, கொஞ்சம் இழுத்தாலே வந்துவிடும். அதேபோல கம்பளம் கண்டால் துணியை உயர்த்தும், கம்பளம் கண்டால் வேகம் கூட்டும் என்று அடுக்குவார்களே, தரைவிரிப்பு இல்லாத வீட்டுக்கு அதெல்லாம் சும்மா காசு.

சரி, உங்கள் வீட்டுக்கு? ஒன்றுதான் வாங்க முடியும், தினமும் ஒருக்கால் கூட்ட ஆளும் இருக்கிறது என்றால் கையால் தள்ளுகிற இரண்டு தொட்டி மெஷின். கூட்டுவதுதான் உங்களுக்குப் பாடு, துடைப்பது பரவாயில்லை என்றால், துடைக்காத சாதாரண வெக்கியூம் ஒன்றும் சுழற்றிப் பிழிகிற மொப் வாளி ஒன்றும் போதும். இரண்டையும் சேர்த்து வாங்கினாலும் அநேகமாகச் செலவு குறையத்தான் வரும், உங்கள் கேள்வியை வாசித்தவுடன் எனக்கு முதலில் தோன்றியதும் அதுதான். இன்னொன்று, வாசலில் கால் கழுவக் குழாய் வைத்திருக்கிற வீடுகளில்தான் மண் அதிகமாக உள்ளே வருகிறது, ஈரக்கால் படியில் இருக்கிற மண்ணையும் ஒட்டிக்கொண்டு வரும். குழாயடியில் இருந்து வாசல்வரை நீளமாகத் தும்பு விரிப்பு போடுங்கள். எந்த மெஷினுக்கும் முந்தி அதைச் செய்யுங்கள்.

கேள்வி: எங்களுடையது அம்மம்மா காலத்து வீடு, சிவப்புச் சீமெந்து நிலம். பெருநாள் திருவிழாவுக்கு முந்தி பொலிஷ் போட்டுத் தேங்காய் மட்டையால் மினுக்குவோம். இதற்கு அந்த மெஷின் ஓட்டலாமா? (வாசகி, காரைதீவு)

ஓட்டாதீர்கள். நீங்கள் போடுகிற பொலிஷ் மெழுகு. தண்ணீரும் சவர்க்காரமும் சேர்ந்து தேய்த்தால் மெழுகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பும், நிலம் தேமல் விழுந்த மாதிரி ஆகும், கிளம்பின சிவப்பு முழுக்க உருளையில் ஏறும். மெழுகு ஏறின உருளை அப்புறம் தண்ணீரையும் இழுக்காது. இன்னொரு காரணமும் இருக்கிறது. கையால் தேய்த்துப் பூசின சீமெந்து நிலம் பார்வைக்குச் சமமாக இருந்தாலும் மெல்லிய மேடு பள்ளம் இருக்கும், மெஷினின் உருளையும் உறிஞ்சு வாயும் நேர்கோடு, பள்ளத்துத் தண்ணீர் அப்படியே நின்றுவிடும். அந்த நிலத்துக்கு மெது உருளை பூட்டின வெக்கியூம் ஓட்டலாம், அல்லது தும்புத்தடி. மினுக்க தேங்காய் மட்டையே இருக்கட்டும்.

மெழுகு போடாத டைட்டானியம் நிலம் (மினுக்கின சீமெந்துப் பூச்சு), டெரசோ நிலம் (மாபிள் துண்டு பதித்து மினுக்கினது) வைத்திருப்பவர்கள் பயப்படத் தேவையில்லை, தண்ணீரைக் குறைத்து வைத்து ஓட்டலாம். டெரசோவுக்கு மட்டும் புளிப்பான, அமிலம் கலந்த எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள், அதில் இருக்கிற மாபிள் துண்டு அரித்துப்போகும்.

கேள்வி: நானா (அண்ணன்) கத்தாரில் இருக்கிறார், ராத்தா (அக்கா) கனடாவில். இரண்டு பேரும் வாங்கித் தருகிறோம் என்கிறார்கள். எங்கே வாங்குவது நல்லது? (வாசகி, காத்தான்குடி)

நானாவிடம் சொல்லுங்கள். நமக்கு வீட்டுக்கு வருகிற கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கத்தாரிலும் அதே ரகம், பிளக்கும் நம்ம மூன்று சதுரக்கால் பிளக்தான். லண்டனில் வாங்கினாலும் அப்படியே குத்தலாம். கனடாவில் 120 வோல்ட். அங்கே வாங்கின வயர் மெஷினை இங்கே நேரே குத்தினால் புகைதான் வரும், அதற்கென்று பாரமான டிரான்ஸ்போமர் வாங்கி வைப்பது வீண் வேலை.

பெட்டரியில் ஓடுகிறது என்றால் ஒரு வழி உண்டு, சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் 100–240 என்று இருந்தால் இங்கேயும் சார்ஜ் ஆகும். ஆனால் தானே கழுவித் தானே காய வைக்கிற தளத்தோடு வருகிற மெஷின் என்றால் தளத்துக்குள் சூடாக்கி இருக்கும், அது பெரும்பாலும் அந்தந்த நாட்டு வோல்டேஜுக்கு மட்டும் செய்தது. ராத்தாவைக் கடையில் நிற்கும்போதே அந்த எழுத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சவூதியில் இருந்து கொண்டுவருபவர்களும் கேட்டிருந்தார்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ். பெட்டரி மெஷினுக்குச் சார்ஜரில் 50/60 என்று போட்டிருந்தால் ஒன்றும் ஆகாது.

விமானத்தில் கொண்டுவருவது பற்றி: லிதியம் பெட்டரி 100 வோட்-மணிக்குள் இருந்தால் அநேகமாகப் பிரச்சினை வராது. பெட்டரியில் எழுதியிருக்கிற வோல்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கிப் பாருங்கள். 21.6 வோல்ட், 4000 மில்லி ஆம்பியர்-மணி (அதாவது 4 ஆம்பியர்-மணி) என்றால் 86 சொச்சம், தப்பிவிட்டீர்கள். மேலதிக பெட்டரி தனியாக வாங்கினால் அதைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், பெரிய பெட்டிக்குள் போடவே கூடாது. அப்புறம், மெஷினோடு சேர்த்து உருளை இரண்டும் ஃபில்டர் இரண்டும் கூடுதலாக வாங்கச் சொல்லுங்கள். இதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். மோட்டார் நன்றாக இருக்க, தேய்ந்த உருளைக்கு மாற்று கிடைக்காமல் மூலையில் நிற்கிற மெஷின்களை இங்கே நிறைய வீட்டில் பார்க்கலாம். ‘இன்டர்நெஷனல் வொரண்டி’ என்ற சொல்லை நம்ப முதல் அந்தக் கொம்பனியின் ஆள் இலங்கையில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

தொழுகிற விரிப்பான முசல்லாவை மடித்து மேலே வைத்துவிட்டு ரோபோ ஓடவிடச் சொல்லி நானாவின் மனுசிக்கும் சொல்லிவையுங்கள். குஞ்சம் சுற்றிக்கொண்டால் இரண்டும் பழுது.

கேள்வி: டைசன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிறான் மகன். உண்மையா? (வாசகர், மட்டக்களப்பு நகர்)

கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள் ஐயா. 2024இல் அவர்கள் விட்ட வொஷ் ஜி1 என்ற துடைக்கும் மெஷினில் உறிஞ்சுவதே கிடையாது. டைசன் என்றாலே உறிஞ்சுவது என்று பெயர் எடுத்த கொம்பனி அப்படி ஒன்றைச் செய்தது எனக்கும் ஆச்சரியம்தான். எதிரெதிர்ப் பக்கம் சுழலும் இரண்டு உருளைகள் நிலத்தைத் துடைக்க, பெரிய குப்பை ஒரு தட்டிலும் அழுக்குத் தண்ணீர் தொட்டியிலுமாகப் பிரிந்து போகும். குப்பை தண்ணீரில் ஊறாமல் தனியே நிற்பதால் கொட்டக் கை கூசாது, அது நல்ல யோசனைதான். சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலைக்குச் சரி. பொடி மண்ணை வெக்கியூம் மாதிரி எடுக்கும் என்று நினைக்காதீர்கள், முந்திக் கூட்டித்தான் ஆக வேண்டும். 2023இல் வந்த வி15எஸ் சப்மரின் வேறு சாதி. அது நல்ல வெக்கியூம், ஈர உருளைத் தலை ஒன்றும் கூட வரும், தலையை மாற்றி மாற்றிப் பூட்டி வேலை செய்ய வேண்டும். முதலில் காய்ந்தது, பிறகு ஈரம் என்று பிரித்துச் செய்கிற வீட்டுக்கு இந்த ஒழுங்கு எனக்குப் பிடிக்கும். விலைதான் பிடிக்காது.

கேள்வி: ஆறு மாதம் முந்தி வாங்கினது. இப்போது ஓட்டின பிறகு வீடே நாறுகிறது, ஊத்தைத் துணி மணம். பினோல் ஊற்றியும் போகவில்லை. (வாசகி, அக்கரைப்பற்று)

முதலில் பினோலை நிறுத்துங்கள். இந்த மெஷினுக்குள் பினோலும் வேண்டாம், குளோரினும் வேண்டாம், நுரைக்கிற சவர்க்காரத் தூளும் வேண்டாம். நுரை உறிஞ்சு குழாயால் ஏறி மோட்டார்ப் பக்கம் போகும், அல்லது தொட்டி நிரம்பிவிட்டது என்று மெஷின் ஏமாந்து நின்றுவிடும். கொம்பனி சொல்கிற திரவம், இல்லாவிட்டால் வெறும் தண்ணீர். கொதிநீரும் வேண்டாம், 60 பாகைக்கு மேல் ஊற்றாதே என்றுதான் கையேடுகளில் பொதுவாக இருக்கும். மஞ்சள் தண்ணீர் ஊற்றலாமா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார், கையால் தெளியுங்கள் அக்கா, தொட்டியும் குழாயும் உருளையும் மஞ்சளாகிவிடும்.

மணம் எங்கிருந்து வருகிறது என்றால் நாலு இடம். அழுக்குத் தொட்டியை ‘நாளைக்குக் கொட்டலாம்’ என்று விடுவது முதலாவது. நம்ம ஊர் வெக்கைக்கு ஒரு இரவு போதும். உருளை ஈரமாகவே மூடிக்குள் கிடப்பது இரண்டாவது. தானே கழுவும் பொத்தானை அழுத்தினால் உருளை அலசப்படுமே தவிரக் காயாது, சூடான காற்று வராத மெஷின் என்றால் உருளையைக் கழற்றி நிழலில் நிறுத்தி வைத்துக் காய வைக்க வேண்டும், அதற்குத்தான் இரண்டு உருளை. மூன்றாவது, தொட்டி மூடிக்கு உள்ளே இருக்கிற ஃபில்டர். அது நனைந்து காயாமல் திரும்பப் பூட்டப்பட்டால் மோட்டார் அந்த மணத்தைத்தான் வீடு முழுக்க ஊதும். நாலாவதை யாரும் பார்ப்பதில்லை. உருளையில் இருந்து தொட்டிக்குப் போகிற குழாயின் வாய். மெஷினைக் கிடத்தி உருளையைக் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள், முடியும் மண்ணும் சோறும் சேர்ந்து களிமண் மாதிரி ஒரு வளையம் ஒட்டியிருக்கும். போத்தல் கழுவுகிற தூரிகையால் சுரண்டி எடுத்துவிட்டு ஒரு கோப்பை நல்ல தண்ணீரை உறிஞ்ச விடுங்கள். ஆறு மாத மணம் அதில்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

கிணற்றுத் தண்ணீர் பாவிக்கிறவர்களுக்கும் ஒன்று. உப்புக் கலந்த, கடினமான தண்ணீர் என்றால் டைல்ஸ் காய்ந்ததும் வெள்ளைப் பூச்சு தெரியும், தண்ணீர் தெளிக்கிற சின்னத் துவாரங்களும் அடைபடும். உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர் வருகிற வீட்டில் அதையே ஊற்றுங்கள், இல்லாவிட்டால் குடிக்கிற வடிகட்டின தண்ணீர். ஒரு தொட்டிக்கு ஒரு லீற்றர்கூடப் போகாது, பஞ்சம் வராது.

கேள்வி: அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வருத்தம். தனியாகத்தான் இருக்கிறா. எது வாங்கிக் கொடுக்கலாம்? (மகன், இப்போது கொழும்பில், வீடு வாழைச்சேனை)

தம்பி, இரண்டு தொட்டி மெஷின் தண்ணீரோடு சேர்த்து நாலரை, ஐந்து கிலோ வரும். தள்ளுவது பாரமில்லை, உருளையே முன்னால் இழுத்துக்கொண்டு போகும். பாரம் அதற்குப் பிறகு: தொட்டியைக் கழற்றிக் குனிந்து, குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போய், ஊற்றிக் கழுவி, திரும்பக் கொண்டுவந்து பூட்ட வேண்டும். அம்மாவால் அது முடியுமா என்பதுதான் கேள்வி, தள்ள முடியுமா என்பது அல்ல.

ரோபோ யோசிக்கலாம், ஆனால் வீட்டின் நிலைப்படிகளை ஒருக்கால் அளந்து பாருங்கள். சாதாரண ரோபோ இரண்டு சென்ரிமீற்றர் அளவு ஏறும். பழைய வீட்டுப் பலகைப் படி அதைவிட உயரம் என்றால் ஒவ்வொரு அறைக்கும் அம்மாதான் தூக்கி வைக்க வேண்டும், அப்படி என்றால் வாங்கின பயன் என்ன? படி இல்லாத வீடு என்றால் தளத்தோடு வருகிறதை எடுத்து, வைஃபையை நீங்கள் ஒரு விடுமுறைக்கு வந்து பூட்டிக் கொடுத்து, கொழும்பில் இருந்தே போனால் ஓடவிடலாம். அநேக ரோபோக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில்தான் பிடிக்கும், ரவுட்டரில் அதைத் திறந்துவிட மறக்காதீர்கள். கடல் காற்றுக்குச் சார்ஜ் ஏறுகிற உலோகப் பொட்டுகளில் பச்சை பிடிக்கும், காய்ந்த துணியால் துடைக்க அம்மாவுக்குக் காட்டிக் கொடுங்கள். தளத்தில் தண்ணீர் மாற்றுவதை மட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். அம்மாவுக்குத் தும்புத்தடியைத் தொடாதே என்று உத்தரவு போட்டாலும் கேட்கமாட்டா, அதை விட்டுவிடுங்கள்.

கேள்வி: மெஷின் வந்தால் வீட்டு ஆம்பிளைகள் நிலம் துடைப்பார்களா? (வாசகி, ஏறாவூர்)

பெட்டியை உடைத்துப் பூட்டி, முதல் நாள் ஓட்டி வீடியோ எடுப்பது வரைக்கும் உறுதியாகச் செய்வார்கள்.

கேள்வி: கரண்ட் பில் எகிறுமா? (வாசகர், நிந்தவூர்)

எகிறாது. மேலே சொன்ன 86 வோட்-மணிப் பெட்டரியை முழுசாக ஏற்ற, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால்கூட ஏறக்குறைய பத்தில் ஒரு யூனிட். தினமும் ஏற்றினால் மாதம் மூன்று நாலு யூனிட். வயர் மெஷின் 560 வோட்ஸ் என்றால் அரை மணித்தியாலத்துக்குக் கால் யூனிட்டுக்குச் சற்று மேலே. கரண்ட் தின்பது தளத்தில் சூடான காற்று ஊதிக் காய வைக்கிற பகுதிதான், அது மெஷினுக்கு மெஷின் அரை மணியில் இருந்து பல மணித்தியாலம் வரை ஓடும். வெயில் எரிக்கிற ஊரில் உருளையை விறாந்தையில் வைத்தாலே காய்ந்துவிடும், அந்தப் பொத்தானை மாரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெட்டரியை மட்டும் வெயிலில் வைத்துவிடாதீர்கள், சூடு அதன் ஆயுளைக் குறைக்கும்.

கேள்வி: உறிஞ்சிக்கொண்டே நீராவியால் துடைக்கிற மெஷினும் இருக்கிறதாம். டைல்ஸ் இடுக்குக் கறுப்பு போகுமா? (வாசகி, சம்மாந்துறை)

எண்ணெய்ப் பிசுக்குக்கு நீராவி நல்லது, குசினிக்குப் பிரமாதம், இரசாயனமும் தேவையில்லை. இடுக்குக் கறுப்பு மேலோட்டமான அழுக்கு என்றால் இளகும். சீமெந்துக்குள் ஊறிப்போனது என்றால் சின்னத் தூரிகையால் இருந்து தேய்த்தால்தான் உண்டு. இந்த இனத்துப் பல மெஷின்களில் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சுகிற ஏற்பாடு இல்லை, அழுக்கு துணியில்தான் ஏறும், அதனால் கூட்டி முடித்த நிலத்தில் மட்டும் ஓட்டுங்கள். பலகை நிலத்தில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மாரி மழைக்கு ஒவ்வொரு வருசமும் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. இந்த மெஷினால் அதை இழுத்து எடுக்கலாமா? (வாசகர், களுவாஞ்சிக்குடி)

முடியாது அண்ணே. இதன் அழுக்குத் தொட்டி அரை லீற்றர், முக்கால் லீற்றர்தான். உங்களுக்கு வேண்டியது தச்சுப் பட்டறையிலும் வாகனம் கழுவுகிற இடத்திலும் வைத்திருப்பார்களே, சில்லுப் பூட்டின பெரிய வாளி மாதிரி, ஈரமும் உறிஞ்சுகிற டிரம் வெக்கியூம். பதினைந்து, இருபது, முப்பது லீற்றர் என்று வரும். தண்ணீர் உறிஞ்சும்போது உள்ளே இருக்கிற கடதாசி ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஸ்பொஞ் ஃபில்டரைப் பூட்ட வேண்டும், தொட்டி நிரம்பினால் உள்ளே ஒரு மிதவை உயர்ந்து உறிஞ்சுவதை நிறுத்தும், சத்தம் மாறினதும் அணைத்துவிட்டுக் கொட்டுங்கள். காய்ந்த மண்ணுக்கும் அதையே வருசம் முழுக்கப் பாவிக்கலாம், சத்தம்தான் காதைப் பிளக்கும்.

ஆனால் வெள்ளம் நிற்கிற வீட்டுக்குள் எதையும் பிளக்கில் குத்தாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்து, தண்ணீர் படிக்குக் கீழே வடிந்து, பிளக் பொயின்ட் நனைந்திருந்தால் எலக்ட்ரீசியன் வந்து பார்த்த பிறகுதான். அதுவரைக்கும் சேற்றை மண்வெட்டியாலும் றப்பர் தள்ளுகட்டையாலும் வெளியே தள்ளுங்கள், வண்டல் காய்ந்து இறுகிவிட்டால் கழுவுவது இரட்டை வேலை. தண்ணீர் வடிய வடியவே தள்ளத் தொடங்குங்கள், கடைசியில் மிஞ்சுகிற மெல்லிய ஈரத்துக்கு டிரம் வெக்கியூம் போதும்.